வழி இல்லை, முட்டை இருக்கு

கச்சேரி ரோட்டில் பள்ளம்.
லஸ்ஸில் பள்ளம்.
மந்தைவெளியில் நீலத் தகரம்.
சில வருடங்களாக இந்த ஊரை நான்
தகரத்தின் ஓரமாகத்தான் பார்க்கிறேன்.

திலோத்தமா மேடம் ஸ்கேனுக்குள் போனார்.
"ஒரு மணி நேரம் ஆகும், வெயிட்டிங் போட்டுக்கோங்க."
வண்டியை வேப்பநிழலில் செருகிவிட்டு
எதிர் கேட்டில் இருபது ரூபாய் நீட்டினேன்.
பூங்கா என்றால் சறுக்குமரம்,
வட்டமாக நின்று சத்தமாகச் சிரிக்கும் நாலு பேர்
என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்ளே ஒரு கம்பம், இரண்டு அம்பு:
சதுப்புப் பாதை. வனப் பாதை.
தூரம் போட்டிருந்தது.
எத்தனை நிமிடம் என்று போடவில்லை.

பலகைப் பாலத்தில் நடந்தேன். கீழே வற்றம்.
முகத்துவார வாடை,
பாதி கடல், பாதி நம் வீட்டுக் குளியலறை,
மறைக்க என்ன இருக்கிறது.
சேற்றில் ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள்
வா வா என்று கூப்பிட்டு
கிட்டே போனால் வளைக்குள் மறைந்தன,
புக் பண்ணிவிட்டு கேன்சல் பண்ணும் ஆட்கள்.
நீர்க்காகம் ஒன்று
நனைந்த சட்டையைக் கொடியில் போட்டதுபோல்
தன்னையே காயப்போட்டிருந்தது.

பலகை முடிந்து சரளை தொடங்கும் இடத்தில்
குறுக்கே கயிறு. இரண்டு செங்கல். ஒரு சிலேட்டு:
வழி இல்லை. முட்டை இருக்கு.

சிரித்துவிட்டேன்.
அந்தச் சத்தத்துக்கே ஆள்காட்டி கிளம்பிவிட்டது.
மஞ்சள் காலைத் தொங்கப்போட்டு
என் தலைக்கு மேலே
ஊருக்கெல்லாம் என்னைக் காட்டிக்கொடுத்தது.

கயிற்றுக்கு அப்பால் தேடினேன்.
சரளையில் சரளைதான் தெரிந்தது.
காவலுக்கு உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி
மடக்கிய குடையை நீட்டினார்:
"அந்த ரெண்டு கருங்கல்லுக்கு நடுவுல."

நாலு.
சேறு தெறித்த மாதிரி நாலு,
கூர்முனைகளை உள்ளே சேர்த்துவைத்து.
கூடு என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை.

"எத்தினி நாளைக்குக் கட்டிவெப்பீங்க?"
"அதுங்க எந்திரிச்சுப் போற வரைக்கும்."
வாக்கிங் வருகிற ஒருவர் சண்டை போட்டாராம்,
தினக்கணக்கில் ஐந்நூறு ஸ்டெப்பு குறைகிறதாம்.
"பாலத்து மேலயே போயிட்டுப் போயிட்டு வான்னேன்."

அமைச்சர் வருகிறார் என்று நிறுத்தியிருக்கிறார்கள் என்னை.
தேர் வருகிறது, கேபிள் புதைக்கிறோம்,
சுரங்கப்பாதையில் மார்பளவு தண்ணீர்,
சும்மா, திரும்பிப் போ.
பதினாறு வருட லைசென்ஸில்
ஒரு முட்டைக்காக யாரும் என்னைத் திருப்பியதில்லை.
திரும்பினேன்.

வனப் பாதையில் வெயில் சில்லறையாகத்தான் விழுந்தது.
புங்கை, பூவரசு, பேர் தெரியாத ஏதோ கொடி.
செண்பகம் புதருக்குள் 'ஊப் ஊப்' என்றது,
வண்டி எதுவும் அதற்கு வழிவிடவில்லை,
வண்டியே இல்லை.
சருகு மூடிய வளைவு வரும்போதெல்லாம்
என் வலதுகால் தானாகப் பிரேக்கைத் தேடியது.
ஒரு வளைவில் அதைத் தேடாமல் நடந்தேன்.
அடுத்ததில் மறுபடி தேடியது.

போன்.
"முடிஞ்சிடுச்சு. எங்க இருக்கீங்க?"
லொகேஷன் அனுப்பினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஆத்துக்குள்ளன்னு காட்டுதே?"
பார்த்தேன். நிஜம்தான்.
நீலத்துக்கு நடுவே என் நீலப் புள்ளி.
மேப்புக்கு இந்த மரம் எதுவும் தெரியவில்லை.
"வந்துட்டேன் மேடம்.
இங்க ஒரு டைவர்ஷன்."

பின்சீட்டில் மடிமேல் பெரிய கவர்,
பிரிக்கவில்லை.
கேட்கக்கூடாது. கேட்கவில்லை.
சிக்னலில் நிற்கும்போது வாய் தானாக
முட்டையைப் பற்றிச் சொன்னது.
"எத்தனை?" என்றார்.
"நாலு."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
நேரே போனால் பன்னிரண்டு நிமிடம் என்றது போன்.
"சுத்தியே போங்க" என்றார்.